திங்கட்கிழமை வரை

பேராதனை
11.02.2024

அன்புள்ள சக்திக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். இங்கே மழையும் இல்லை, எனக்குச் சளியும் இல்லை. அப்பாவின் முழங்கால், ஜெயரூபனின் வேலை, நிஷாந்தின் கண், உன் உடம்பு என்ற ஒழுங்கில் எல்லாவற்றையும் எழுது. உன் உடம்பைப் பற்றி எழுத நீ மறந்துவிடுவாய் என்றுதான் அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

திடீரென்று ஏன் கடிதம் என்று நினைப்பாய். மேல் டிவிசனில் சிக்னல் இல்லாததால் போனில் பாதிப் பேச்சு காற்றோடு போகிறது. மீதிப் பாதியில் நாம் சண்டை பிடிக்கிறோம். நவம்பருக்குப் பிறகு நாம் பேசியதையெல்லாம் கூட்டினால் பத்து நிமிடம் வராது. கடிதத்தில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேச முடியாது. அந்த நன்மையாவது கிடைக்கட்டும்.

ஒரு வேலை வந்திருக்கிறது. நிஷாந்தின் தலையில் மூளை நீரை வடிக்க வைத்திருந்த குழாய் அடைத்தபோது அதை மாற்றிய பதுளை டொக்டர் நப்ரீஸ், மலையகப் பகுதியில் ஒன்பது வருடங்களில் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட பிள்ளைகளின் விபரங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். வார நாளில் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கும் சனி, ஞாயிறில் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கும் முடிவில் வித்தியாசம் இருக்கிறதா என்று, புள்ளிவிபரம் படிப்பிக்கிற என்னைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். வெளிநாடுகளில் இதைப் பற்றி ஆய்வுகள் வந்திருக்கின்றன. சிலவற்றில் வித்தியாசம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பதினாறு வருடமாகப் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறாய். கொழுந்துக்குப் போகும் தாய்மார் எல்லோரும் உன் கையில்தான் பிள்ளையை விட்டுப் போகிறார்கள். ஒரு பிள்ளைக்குச் சுகமில்லை என்றால், ஆஸ்பத்திரிக்கு இன்றைக்குப் போவதா நாளைக்குப் போவதா என்று தோட்டத்தில் யார் முடிவு செய்கிறார்கள்?

நிஷாந்துக்குப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் இரண்டு தனியாக அனுப்பியிருக்கிறேன், பெரியம்மா தந்தது என்று சொல்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
அக்கா தனலெட்சுமி


அரசமலைத் தோட்டம், மேல் டிவிசன்
லுணுகலை
25.02.2024

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தங்கை சக்தி எழுதிக்கொள்வது. நீங்கள் கேட்ட ஒழுங்கிலேயே எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் கோயிலுக்குப் போகும்போது சரியாகிவிடுகிறது, தண்ணீர் பிடிக்கப் போகச் சொன்னால் வலிக்கிறது. ஜெயரூபனுக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை ஒழுங்காக இருக்கிறது. நிஷாந்தின் வலது கண் நன்றாகத் தெரிகிறது. இடது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிகிறது. இதற்குமேல் திரும்பி வராது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். இடது பக்கமாகப் பந்து வந்தால் தெரியாததால், பையன்களிடம் சண்டை பிடித்துத் தானே அம்பயர் ஆகிவிட்டான். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதம் தோட்ட ஒபிஸ் வழியாகத்தான் வந்தது. கிளாக்கர் ஐயா கவரில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அது அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, "டொக்டருமாரே கணக்குத் தெரியாம எம் மகளத் தேடி வர்றாங்க" என்று சொன்னார். பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் கருப்பம்மா விடவில்லை. "அப்புறம் ஏன் மாமா, சீட்டாடும்போது மட்டும் ஒங்களுக்குக் கணக்கு வர மாட்டேங்குது?" என்று கேட்டாள். கூட்டம் கலைந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். டிஸ்பென்சரியில் மருந்துக்காரர் ஐயா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று துண்டு எழுத வேண்டும். ஒபிசில் அதற்கு முத்திரை வைத்தால் லொறி வரும். அம்புலன்ஸ் பெரிய ரோட்டு வரைக்கும்தான் வரும், மேல் டிவிசனிலிருந்து அங்கே இறங்க ஒன்பது கிலோமீற்றர் கல்லு ரோட்டு. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒபிஸ் பூட்டினால் திங்கட்கிழமை காலைதான் திறக்கும். அதுவரை துண்டு இல்லை. துண்டு இருந்தாலும் நம் ஆட்கள் போவதில்லை. "ஞாயித்துக்கெழம போயி யாரப் பாக்குறது? பெரிய டொக்டர் இருக்க மாட்டாரு. திங்கக்கெழம போவோம்" என்பார்கள்.

நிஷாந்தை ஏன் சனிக்கிழமையே கொண்டு போகவில்லை என்று அப்பா ஒரு நாள் கேட்டார். துண்டு கிடைக்கவில்லை என்றேன். ஜெயரூபனிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அன்று காலை நான் கோயில் மேட்டில் ஏறி நின்று உங்களுக்குப் போன் எடுத்ததும், திங்கட்கிழமை வரை பார்க்கும்படி நீங்கள் சொன்னதும் நம் இருவருக்கும்தான் தெரியும். யாரிடமும் நான் சொல்லவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஒரு சந்தேகம். அந்தப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் அங்கே எழுதியிருக்கும். வாந்தி தொடங்கிய நாள் எழுதியிருக்கிறதா?

உங்கள் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
தங்கை சிவசக்தி


பேராதனை
10.03.2024

அன்புள்ள சக்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நான் நலமாக இருக்கிறேன். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன். தண்ணீர் பிடிக்கவும் அது வேலை செய்யுமா என்று பார்.

கணக்கைச் சொல்கிறேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். வார நாளில் வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு முடிவு மோசம். சனி, ஞாயிறில் வந்தவர்களில் நூற்றுக்கு இருபத்துமூன்று பேருக்கு. மோசம் என்றால் இறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்வை, கை கால், பேச்சு ஆகியவற்றில் ஒன்று நிரந்தரமாகக் கெட்டிருக்க வேண்டும்.

இதைக் காட்டியதும் டொக்டர் நப்ரீசின் முகம் மாறிவிட்டது. "மிஸ், ஞாயிற்றுக்கிழமையும் நான் ஒப்பரேஷன் தியேட்டர்லதானே நிக்கிறேன்? என்ட மகளின்ட ஒரு பிறந்தநாளுக்காவது நான் வீட்ட இருந்திருப்பனா, கேட்டுப் பாருங்க" என்றார். மகளை நான் கேட்கவில்லை, அவருடைய அறுவைப் பதிவேட்டைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

பிறகு ஒவ்வொரு நாளாகப் பிரித்தேன். எல்லாவற்றிலும் மோசமான நாள் ஞாயிறு அல்ல, திங்கள். நூற்றுக்கு இருபத்தேழு. திங்கட்கிழமை பெரிய டொக்டர்கள் இருக்கிறார்கள், தியேட்டர் முழு நாளும் ஓடுகிறது, ஆட்களும் போதுமான அளவு இருக்கிறார்கள். பின் ஏன்? அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்காமல்தான் இருந்தது. உன் கேள்வியை வாசித்ததும் விளங்கியது போல இருந்தது. விளங்கியது போல இருப்பதை நான் உடனே நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

வாந்தி தொடங்கிய நாள் ஆஸ்பத்திரிக் கடதாசியில் இல்லை. அதை வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும். லுணுகலை, பசறை, கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் நாற்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. நான் போனால் உட்கார நாற்காலி தேடுவார்கள், உண்மை வராது. நீ செய்வாயா? பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கிடைத்தபின் முறைப்படி கேட்டு எழுதுவேன்.

நிஷாந்துக்கு என் அன்பு.
அக்கா


மேல் டிவிசன்
24.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். தைலம் வந்தது. கோயிலுக்குப் போகத்தான் உதவுகிறது.

நான் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போகலாம். ஜெயரூபன் முதலில், "ஒனக்கு எதுக்குடி இந்த வேல?" என்றார். பிறகு அவரே பஸ் நேரமெல்லாம் எழுதி ஒட்டிவிட்டார்.

புத்தகங்களைப் பார்த்துவிட்டு நிஷாந்துக்குக் கோபம். "பெரியம்மாகிட்ட சொல்லுங்க, நான் ஒண்ணும் குருடன் இல்ல. சின்ன எழுத்தும் படிப்பேன்" என்றான். ஆனால் இரண்டையும் படித்து முடித்துவிட்டான்.

என் கடிதத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றைத் தவிர. அதை நான் கேள்வியாகக் கேட்கவுமில்லை. பரவாயில்லை.

அனுமதி வந்ததும் எழுதுங்கள்.
தங்கை சக்தி


பேராதனை
02.06.2024

அன்புள்ள சக்திக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பரீட்சை வேலையால் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒழுக்கநெறிக் குழு மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டு இப்போதுதான் அனுமதி தந்தது.

படிவங்களை இதனுடன் அனுப்புகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தபோது சம்மதம் சொன்ன குடும்பங்களின் பட்டியலும் இருக்கிறது. நீ போகும்போது இன்னொரு தடவை சம்மதம் கேட்க வேண்டும். விருப்பமில்லை என்றால் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வா. ஏழு கேள்விகள். கடைசிக் கேள்வி, "உடனே வராததற்குக் காரணம் என்ன?" என்பது. தாய் சொல்வதை அப்படியே எழுது. எதையும் திருத்தாதே. ஆறுதலாகவும் எதுவும் எழுதாதே.

மழைக் காலம். பாதையைப் பார்த்துப் போ.
அக்கா


மேல் டிவிசன்
21.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ஏழு ஞாயிறு அலைந்ததில் என் செருப்புக்குத்தான் நலமில்லை.

நாற்பத்தொரு படிவம் அனுப்புகிறேன். இரண்டு குடும்பம் வேண்டாம் என்றது, தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீங்கள் சொன்னபடி எதையும் திருத்தவில்லை. ஒரு தாய், "துண்டு இல்ல டீச்சர்" என்றாள். ஒருத்தி, "இவரு பண்டாரவளைக்குப் போயிருந்தாரு, ஆம்பள இல்லாம எப்புடிப் போறது?" என்றாள். மீரியபெத்த மண்சரிவுக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒரு தகப்பனைப் பார்த்தேன். அவருடைய மகள் சனிக்கிழமை மாலை படியில் விழுந்திருக்கிறாள். திங்கள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நின்றாராம். "எங்களுக்கு முன்னுக்கு யாருமே இல்ல. அவ்வளவு வெள்ளன போனோம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளை இப்போது பேசுவதில்லை.

ஆனால் நாற்பது வீட்டில் பதினேழு வீடு ஒரே பதிலைத்தான் சொன்னது. "லீவு நாள்ல பெரிய டொக்டர் இருக்க மாட்டாரு." யார் சொன்னது என்று கேட்டால், எல்லோரும் சொல்வதுதானே என்கிறார்கள். துண்டு கையில் இருந்தும் வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

நாற்பத்தோராவது படிவம் நிஷாந்துடையது. பட்டியலில் அவன் பெயரும் இருந்தது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். நானே தாய், நானே கேட்பவள். ஆறு கேள்விக்கும் எழுதிவிட்டேன். தொடங்கியது சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணி. ஆஸ்பத்திரி வாசல் திங்கட்கிழமை காலை எட்டரை. ஏழாவது கேள்விக்கு நான் எழுதவில்லை. துண்டு கிடைக்கவில்லை என்று இரண்டு தடவை எழுதப் பார்த்தேன். எதையும் திருத்தாதே என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த இடத்தை வெறுமையாக விட்டு அனுப்புகிறேன். நீங்களே நிரப்புங்கள்.

தங்கை சிவசக்தி


பேராதனை
18.08.2024

என் அன்பும் வணக்கமும் உரிய அப்பாவுக்கு,

உங்கள் மூத்த மகள் தனம் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும். சக்தியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் எதையாவது விட்டு வாசித்தால் கருப்பம்மாவிடம் கொடுங்கள், அவள் விடமாட்டாள்.

போன வருடம் தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சக்தி எனக்குப் போன் எடுத்தாள். பிள்ளை இரண்டு தடவை வாந்தி எடுத்தான், தலை வலிக்கிறது என்கிறான், எழுப்பினாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறான், லொறி கேட்கவா என்று கேட்டாள். துண்டு கிடைத்திருக்கும். ஒபிஸ் பூட்ட இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை வரை பார்க்கச் சொன்னது நான்தான்.

அந்த வாரம் ஒரு வெளிநாட்டு ஆய்வை வாசித்திருந்தேன். வார இறுதியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு முடிவு மோசமாக இருந்தது என்று அதில் எழுதியிருந்தது. சனிக்கிழமை போனால் பிள்ளை அனுபவமில்லாதவர்கள் கையில் போய்விடும் என்று பயந்தேன். அந்த ஆய்வு வாசலுக்குள் வந்த பிள்ளைகளை மட்டும் எண்ணியது. வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. முதலாம் வருட மாணவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் கேட்கவில்லை. லயத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். நான் சொன்னதால் சக்தி அதை நம்பினாள்.

வலியோடு அந்தப் பிள்ளை இரண்டு நாள் கிடந்ததும், அவனுடைய இடது கண் போனதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை போயிருந்தால் கண் நிச்சயமாகத் தப்பியிருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தச் சந்தேகத்துக்குள் ஒளிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை.

சக்தி உங்களிடம் துண்டு கிடைக்கவில்லை என்று சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக. ஒன்பது மாதம் அவளை அப்படிச் சொல்ல விட்டது என் இரண்டாவது தவறு. அவள் வெறுமையாக விட்ட இடத்தில், "பெரியம்மா வேண்டாமென்றார்" என்று நான் எழுதிவிட்டேன்.

ஜெயரூபனிடமும் இதைக் காட்டுங்கள். நிஷாந்துக்கு நானே வந்து சொல்வேன்.

உங்கள் மகள்
க. தனலெட்சுமி


மேல் டிவிசன்
01.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அப்பாவும் நலம். நீங்கள் அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.

உங்கள் கடிதத்தை நான்தான் முதலில் பிரித்தேன். இரண்டு நாள் அரிசி வாளிக்குள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அப்பாவையும் ஜெயரூபனையும் உட்காரவைத்து ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன்.

ஜெயரூபன் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து என்னைத்தான் திட்டினார். "இத்தன மாசமா ஒபிஸ்காரன நான் மொறச்சிக்கிட்டுத் திரியிறேன். அந்தாளு பாவம், வணக்கம் சொன்னாக்கூட நான் திரும்பிப் பாக்கல. ஒனக்கு ஒரு வார்த்த சொல்ல முடியலியா?" என்றார். உங்களைப் பற்றி அன்று ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை தேநீர் குடிக்கும்போது, "அக்கா வேணும்னா சொல்லியிருப்பாங்க?" என்று அவராகவே சொன்னார். அவர் மனதில் வருத்தம் இருக்கிறது. இல்லை என்று பொய் எழுதமாட்டேன். எனக்கும் இருந்தது. நீங்கள் கணக்கு மட்டும் எழுதி அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திலும் கொஞ்சம் கூடியது. இப்போது இறங்கிவிட்டது.

அப்பா அன்று சாப்பிடவில்லை. நிஷாந்தைப் பக்கத்தில் உட்காரவைத்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சக்தி, எழுபத்தாறு வருசமா இந்தத் தோட்டத்துல இருக்கேன். எத்தன தொரமாரப் பாத்திருப்பேன், எத்தன கிளாக்கரு! ஒருத்தனாவது நான் செஞ்சது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கானா? எம் மக குடுத்திருக்கா" என்றார்.

இனி உங்களுக்குப் பிடிக்காத செய்தி. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் எல்லோரிடமும் காட்டுகிறார். கருப்பம்மா முழுவதும் வாசித்துவிட்டு, "யுனிவர்சிட்டி வரைக்கும் படிச்சவங்களும் நம்மள மாதிரியேதான் சொல்லியிருக்காங்க, பாருங்கடி" என்றாள். அதற்குப் பிறகுதான் பெண்கள் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அவர்களைத் திருத்த வந்தவள் என்று இல்லாமல், நாம் எல்லோரும் விட்ட பிழை என்று பேச முடிந்தது.

அந்தச் சூட்டோடு பன்னிரண்டு பெண்களாக ஒபிசுக்குப் போனோம். மருந்துக்காரர் ஐயா கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த, தேதி போடாத துண்டு பத்து எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டோம். கிளாக்கர் ஐயா பதறிவிட்டார்.

"தேதி போடாம முத்திரை வச்சா நாளைக்குத் தொர என் கழுத்தப் புடிப்பாரும்மா."

"புள்ளைங்க தேதி பாத்தா விழுதுங்க, ஐயா?" என்றேன்.

"லொறிய எடுத்துக்கிட்டு நீங்க கதிர்காமம் போயிட்டா?"

கருப்பம்மா முன்னே வந்தாள். "போனா ஒங்களையும் ஏத்திக்கிட்டுத்தான் போவோம். வாங்க" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொரையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஐந்து நாளில் துண்டுகள் வந்தன. பிள்ளைக் காம்பரா அலுமாரியில் இருக்கின்றன. ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி கருப்பம்மாவிடம்.

நிஷாந்துக்கு நீங்களே சொல்வதாக எழுதியிருந்தீர்கள். வாருங்கள்.

தங்கை சக்தி


பேராதனை
13.10.2024

அன்புள்ள சக்திக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பதுளையிலிருந்து ரயிலில் இருக்க இடம் கிடைத்தது. அப்பா கட்டித் தந்த தேயிலைத்தூள் பக்கத்து வீடுவரை மணக்கிறது.

நான் சொன்னதை நிஷாந்த் கேட்டுக்கொண்ட விதத்தை நினைத்துக்கொண்டே வந்தேன். "நீங்க டொக்டர் இல்லதானே பெரியம்மா, ஒங்ககிட்ட ஏன் அம்மா கேட்டாங்க?" என்றான். நீயும் நானும் ஒரு வருடமாகக் கேட்டுக்கொள்ளாத கேள்வி. அதைக் கேட்டு நான் அழுததை நீ யாரிடமும் சொல்லமாட்டாய் என்று நினைக்கிறேன். இந்த முறை சொன்னாலும் பரவாயில்லை.

கணக்கு முடிந்தது. உன் நாற்பத்தொரு படிவங்களையும் சேர்த்துப் பார்த்தால், நோய் தொடங்கி ஒரு நாளுக்குள் வந்த பிள்ளைகளுக்கு எந்தக் கிழமையில் வந்தாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு நாளைத் தாண்டி வந்தவர்களுக்கு எல்லாக் கிழமையும் மோசம். திங்கட்கிழமை வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சனி, ஞாயிறில் நோய் தொடங்கியவர்கள். திங்கட்கிழமை மேல் ஒரு குற்றமும் இல்லை. நாம்தான் நோயை அதுவரை வீட்டில் வைத்திருந்து அதன் கையில் கொடுத்திருக்கிறோம்.

இதை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாற்பத்தொன்று சிறிய எண். தாய்மாரின் நினைவு தவறியிருக்கலாம். வேறு ஊரில் ஆஸ்பத்திரிகளே வார இறுதியில் தளர்ந்திருக்கலாம். இதையெல்லாம் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். டொக்டர் நப்ரீஸ், "மிஸ், நல்ல செய்தியையும் நீங்க சந்தேகத்தோடதான் சொல்றீங்க" என்றார்.

கட்டுரையில் மூன்று பெயர்கள் இருக்கும். நப்ரீஸ், நான், ஜெயரூபன் சிவசக்தி. உனக்கு மரியாதை செய்வதற்காகப் போடவில்லை. கேள்வி உன்னுடையது, நாற்பது வீட்டுக்கும் நடந்தது நீ. அதுதான் முறை. பல்கலைக்கழகம் போகாத ஒருவரின் பெயரா என்று துறையில் ஒருவர் கேட்டார். படிவங்களை அவர் முன் வைத்து, இதில் ஒரு பிழை கண்டுபிடியுங்கள் என்றேன். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அப்பாவிடம் நீயே சொல். என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயர் இருப்பது எனக்குப் பெருமை. இதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

அக்கா


பதுளை, ஆஸ்பத்திரி வார்ட்டிலிருந்து
08.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாமல் வாசியுங்கள். நிஷாந்த் சுகமாக இருக்கிறான். பக்கத்துக் கட்டில் பிள்ளையிடம் கிரிக்கெட் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறான். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நானும் அவனுடைய அப்பாவும் நலம்.

போன ஞாயிறு, டிசம்பர் முதலாம் திகதி, அதிகாலை ஐந்து நாற்பதுக்கு வாந்தி எடுத்தான். தலை வலிக்கிறது என்றான். ஆறு மணிக்கு இன்னொரு தடவை எடுத்தான். கண் சொருகியது. எனக்குத் தெரிந்துவிட்டது, குழாய் திரும்ப அடைத்திருக்கிறது. ஆறு ஐந்துக்குத் துண்டில் தேதி எழுதினேன். கருப்பம்மா ஓடிப்போய் லொறிக்காரரை எழுப்பினாள்.

ஐந்து நாளாக விடாத மழை. லொறியில் ஏறும்போது ஜெயரூபன், "அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவமா?" என்றார்.

"எதுக்கு?" என்றேன்.

கோயில் மேட்டைத் தாண்டும்போது போனில் சிக்னல் வந்தது. நான் எடுக்கவில்லை. கோபத்தால் அல்ல, மறதியாலும் அல்ல. கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எனக்கே தெரிந்திருந்தது.

பெரிய ரோட்டில் அம்புலன்ஸ் காத்திருந்தது. பசறைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து ஒரு பக்கமாகத்தான் வாகனம் விட்டார்கள். ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வாசல். டொக்டர் நப்ரீஸ் லீவில் இருந்தார். சின்ன வயதுப் பெண் டொக்டர் ஒருவர், ஸைனப் என்று பெயர், படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஓடினார். பன்னிரண்டேகாலுக்குத் தியேட்டர். தொடங்கியதிலிருந்து ஆறு மணி முப்பத்தைந்து நிமிடம். படிவத்துக்குத் தேவைப்படும் என்று எல்லா நேரத்தையும் எழுதி வைத்தேன்.

நேற்றுக் கண் சோதித்தார்கள். வலது கண்ணில் ஒரு குறையும் இல்லை. எழுத்து அட்டையில் கடைசி வரிவரை வாசித்துவிட்டு, "இன்னும் சின்ன எழுத்து இல்லியா?" என்று கேட்டான்.

ஸைனப் டொக்டர் என்னிடம், "எப்படி இவ்வளவு வெள்ளன கொண்டு வந்தீங்க? நல்லாப் படிச்ச அம்மாவா?" என்றார். பிள்ளைக் காம்பராவில் வேலை என்றேன். கட்டுரையில் பெயர் இருப்பதைச் சொல்லவில்லை. அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். அவன் வாசிக்கும்வரை எழுதுவதில்லை என்று இருந்தேன்.

உங்கள் தங்கை
சிவசக்தி


பேராதனை
15.12.2024

அன்புள்ள சக்திக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நிஷாந்த் எப்படி இருக்கிறான்? தையல் காய்ந்துவிட்டதா? நீ தூங்கினாயா? அப்பா மழையில் கோயிலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்.

கடிதத்தை முதலில் நின்றுகொண்டே வாசித்தேன். கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்று நீ எழுதிய இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ லொறியில் மலை இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நான் இங்கே விடைத்தாள் திருத்திக்கொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். முதலில் அது வலித்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு கீழே கன்டீனுக்குப் போய்த் துறையில் எல்லோருக்கும் தேநீரும் வடையும் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. பதவி உயர்வா, கட்டுரை வந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

இல்லை, என் தங்கை என்னைக் கேட்காமலே போய்விட்டாள் என்றேன்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. நல்ல வடை என்று சொல்லிச் சாப்பிட்டார்கள்.

அக்கா தனம்